மாலை போடுமுன் பத்து நாள், கழற்றியபின் மூன்று நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறக்கப் போகிறது. விரத முறை, இருமுடிக்கு வேண்டிய பொருட்கள், சிறப்பு ரயில்களின் நேரம் எல்லாம் உங்கள் பக்திப் பக்கத்தில் வழக்கம்போல வரும். தினமும் குடிக்கிற பையன் இந்த வருடம் சபரிமலைக்கு மாலை போடப் போகிறான் என்று நிம்மதியோடு காத்திருக்கும் வீடுகளுக்காகவும் அங்கே ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம்.

மாலை போட்டால் குடி நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல, நிற்கத்தான் செய்கிறது. இருபதுகளில் இருக்கும் பல இளைஞர்கள் வருடத்திலேயே தெளிவாக இருப்பது அந்த ஒரு மண்டலம்தான். ஆபத்து இருப்பது அதன் இரண்டு முனைகளில்: குடியை விடும் முதல் நான்கு நாள், மாலையைக் கழற்றிய அடுத்த மூன்று நாள்.

சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு பீர் குடிப்பவருக்கு முதல் முனையில் பெரிதாக ஒன்றும் ஆகாது. தினமும் குவார்ட்டர், அதற்கு மேல் என்று பல மாதங்களாகக் குடிப்பவர் கதை வேறு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீத அளவில் கணக்குப் போட்டால் அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மது மூளையின் ஓட்டத்தை மந்தப்படுத்தும். தினமும் அது உள்ளே போகும்போது, ஈடுகட்டுவதற்காக மூளை தன் ஓட்டத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்தக் கூடுதல் ஓட்டம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தக் கலக்கம் வரும். நாள், இடம் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்.

மாலை போட்ட வீட்டில் இதைத்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உடம்பு நடுங்குகிறது, கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஏதேதோ பேசுகிறார் என்றதும் சாமி வந்திருக்கிறது என்று கற்பூரம் காட்டுவார்கள். இல்லையென்றால் காற்று கருப்பு என்று வேப்பிலை அடிக்கப் போவார்கள். குடியை விட்ட முதல் வாரத்தில் இப்படி நடந்தால் அது மருத்துவ அவசரம். 108-ஐ அழையுங்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகும். வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதோ பல்லுக்கிடையே கரண்டி வைப்பதோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியுள்ள பொருட்களை நகர்த்திவிட்டு, எத்தனை நிமிடம் நீடித்தது என்று பாருங்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி, மாலை போடும் நாளையும் குடியை நிறுத்தும் நாளையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான். கார்த்திகை முதல் தேதி மாலை என்றால் ஐப்பசி 20 வாக்கிலேயே மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க குளோர்டயஸெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, ஐந்து முதல் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸெபாம் தருவார்கள். மாத்திரை அட்டை வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். மாத்திரையும் போட்டுக் குடிக்கவும் செய்தால் மூச்சு அடங்கிப்போகலாம். அந்த நாட்களில் பைக் ஓட்டக் கூடாது. கடையில் பெயர் சொல்லி வாங்கி வந்து நீங்களாகக் கொடுப்பது கூடவே கூடாது.

முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர், காலையில் கண் விழித்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மஞ்சள் காமாலை கண்டவர், அண்மையில் தலையில் அடிபட்டவர், தனி அறையில் தங்கியிருப்பவர் ஆகியோர் மருத்துவமனையில் படுத்துத்தான் குடியை விட வேண்டும்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்னும் பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அந்த உடம்போடு ஒரு வேளை உணவு, விடியற்காலைப் பச்சைத்தண்ணீர்க் குளியல் என்று இறங்குவது அநாவசியச் சோதனை. முதல் பத்து நாள் மூன்று வேளையும் சாப்பிடட்டும். கஞ்சி, மோர், பருப்பு, கீரை எல்லாம் சைவம்தானே. சோர்ந்து விழுந்தால் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லும் அவசரம் நம் ஊரில் அதிகம். தினமும் குடித்தவர் என்பதை அங்கே மறைக்காதீர்கள். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்: நடை தள்ளாடும், கருவிழி ஆடும், நினைவு குழம்பும். சிலருக்கு நினைவாற்றல் திரும்பாமலே போகும். மாத்திரை விழுங்கினால் விரதம் கெடுமா என்ற சந்தேகத்தைக் குருசாமியிடமே கேட்டுவிடுங்கள். விவரம் தெரிந்த எந்தக் குருசாமியும் மருந்தைத் தடுக்க மாட்டார்.

இனி மறுமுனை. நாற்பத்தெட்டு நாள் இருந்தவனால் நாற்பத்தொன்பதாவது நாள் இருக்க முடியாதா, எல்லாம் திமிர் என்று வீட்டில் பேசுவார்கள். அந்த நாட்களில் அவனைச் சுற்றி என்னவெல்லாம் இருந்தன என்று பாருங்கள். விடியலில் எழ ஒரு காரணம், மாலையில் போக ஒரு பஜனை மடம், கூட நாலு பேர். டாஸ்மாக் வாசலில் யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பெற்ற தாயே 'சாமி' என்று அழைத்தார். மாலை கழன்ற அன்றே இத்தனையும் ஒரே அடியாகப் போய்விடுகின்றன; மறுநாள் காலை அவன் பழையபடி 'டேய்'. அந்த மாலை கழல்வதும் பெரும்பாலும் மார்கழிப் பிற்பாதியில், ஆங்கிலப் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் நடுவே. இதைவிட மோசமான தேதியைத் தேடினாலும் கிடைக்காது. திருவள்ளுவர் தினத்துக்குக் கடை மூடியிருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள், சரக்கு முதல் நாளே அறைக்கு வந்திருக்கும்.

திரும்பும் வேனில்தான் பலருக்கும் சறுக்குகிறது. தரிசனம் முடிந்ததும் வழியிலேயே மாலையைக் கழற்றிவிட்டு அடுத்த ஊரில் வண்டியை நிறுத்துகிற கோஷ்டிகள் எவை என்று ஊருக்கே தெரியும். அந்தக் கோஷ்டியோடு அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வந்து தாயார் கையால் மாலையைக் கழற்றும் வழக்கத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் 50 மி.கி. தினம் ஒன்று தருவார்கள். போதை தரும் (ஓபியாய்டு வகை) வலி மாத்திரைப் பழக்கம் இருப்பதை மறைத்து இதைப் போட்டால் கடும் அவதி வரும். அகாம்ப்ரோசேட் என்றால் 333 மி.கி. மாத்திரை, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை. வேலைக்குப் போகிற பையன் மதிய வேளையைத்தான் மறப்பான், டிபன் பாக்ஸோடு வைத்து அனுப்புங்கள்.

விரதத்தில் ஏற்படுத்திய நேர ஒழுங்கில் இரண்டையாவது தொடரச் செய்யுங்கள். பஜனைக்குப் போன அதே மாலை நேரத்தில், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதைவிட, எந்தத் தேதியில் எவ்வளவு வீட்டுக்கு என்று அவனோடு உட்கார்ந்து முடிவு செய்வது நீடிக்கும். தூக்கம் சரியாகச் சில வாரம் பிடிக்கும், எரிச்சலும் இருக்கும். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று இந்தச் சமயத்தில் பெண் பார்க்கக் கிளம்புவது, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு விசாரணை வேண்டாம். மறுநாள் தெளிந்தபின் எங்கே, யாரோடு, எதனால் என்று கேளுங்கள்; அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இடைவெளிக்குப்பின் உடம்பு தாங்கும் அளவு குறைந்திருக்கும், பழைய கணக்கில் ஒரு ஆஃப் இறங்கினால் ஆளே சாயலாம்.

ஆசிரியர் அவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற வரி விளம்பரங்களை ஏற்காதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. மருத்துவர் தரும் டைசல்பிரம் மாத்திரையையே ரகசியமாகக் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு என்று போய் இதயம் வரை பாதிக்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு; ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் அரிஷ்டமும்கூட ஆகாது. குடிப்பவர் விவரம் அறிந்து, சம்மதித்து, தானே விழுங்க வேண்டிய மாத்திரை அது.

தனியார் மையத்தில் சேர்ப்பவர்கள் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று கேட்டுச் சான்றிதழைப் பாருங்கள். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவர் எந்த நேரத்தில் வருவார், பையனோடு எப்போது பேசலாம் என்ற இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வராத இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கட்டத்தில் இடம் இருந்தால் இந்த எண்களையும் போடுங்கள்: 14416 மனநல ஆலோசனை, 14446 போதை மீட்பு உதவி, 104 மருத்துவ ஆலோசனை. ரமலான் நோன்புக்கும், கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கும், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்கும் தேதிகளை மாற்றி இதே விவரங்களை மறுபடி வெளியிடலாம்.

இப்படிக்கு,
குடிநோய் மீட்புப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள், ஆலோசகர்கள்,
மதுரை மாவட்டம்.