செவலைக்காக ஒரு கடிதம்

மெக்சிகோ நகரம்

அன்புள்ள சுந்தரம்,

செவலை போய்விட்டது என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். பதினாலு வருஷம் உன் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்த நாய். உடனே பதில் எழுதக் கை வரவில்லையடா.

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. எதிர்வீட்டுப் பாட்டியிடம் ஒரு நாய் இருக்கிறது. ஷோலோயிட்ஸ்குயின்ட்லி என்று பெயர், ஷோலோ என்று கூப்பிடுகிறார்கள். ஸ்பானியர்கள் வருமுன் இங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் நஹுவாட்ல் மொழியில் இட்ஸ்குயின்ட்லி என்றால் நாய். ஷோலோட்ல் என்பது அவர்களுடைய தெய்வம். இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பெயர். உச்சந்தலையிலும் வால் நுனியிலும் கொஞ்சம் மயிர், மற்றபடி மொழுமொழுவென்று கரும்பாறை மாதிரி இருக்கிறது. முதன்முதல் தொட்டபோது காய்ச்சலோ என்று பதறிவிட்டேன். எல்லா நாய்க்கும் உள்ள சூடுதான். நடுவில் ரோமம் இல்லாததால் நேராக நம் கைக்கு வருகிறது. முழங்கால் வலிக்கும் நாளில் பாட்டி அதை மடியில் கிடத்திக்கொள்கிறாள்.

கடைவாய்ப்பக்கம் பல் குறைவாக இருந்ததைப் பார்த்து, வயசாகிவிட்டதா என்று கேட்டேன். இரண்டு வயசுதானாம். முடியைத் தடுக்கிற மரபணுவேதான் பல்லையும் தடுக்கிறது. 2008இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பெரு நாட்டு முடியில்லா நாய், சைனீஸ் கிரெஸ்டட் என்ற இன்னொரு முடியில்லா இனம், இந்த ஷோலோ மூன்றிலும் அதே ஒரே மாற்றம்தான். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அது சேர்ந்து வந்துவிட்டால் குட்டி பிறப்பதற்கு முன்பே கருவில் அழிந்துவிடும். அதனால் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு மொட்டை ஷோலோவுக்குள்ளும் முடி வளர்க்கிற பங்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டு மொட்டை நாய்கள் சேர்ந்தாலும் பிறக்கிற குட்டிகளில் சுமார் மூன்றில் ஒன்று ரோமத்தோடுதான் வரும். அந்தக் குட்டிகளை நெடுநாள் மட்டமாக ஒதுக்கினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதுவும் இந்த இரத்தம்தானே!

இந்த இனமே ஒரு காலத்தில் அழியப் பார்த்திருக்கிறது. பழைய ஆட்கள் இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள், பின்னால் வந்த ஸ்பானியர்களும் சாப்பிட்டார்கள். மிஞ்சியவை மலைக்கிராமங்களில் ஒதுங்கிப் பிழைத்தன. 1954இல் ஒரு குழு கிராமம் கிராமமாகத் தேடிப்போய்ப் பத்து நல்ல நாய்களைக் கொண்டுவந்து இனத்தைப் பெருக்கியது. இந்த நாட்டு ஓவியத் தம்பதி ஃப்ரீடா காலோவும் டியேகோ ரிவேராவும் ஆசையாக வளர்த்த நாய் இதுதான்.

போன வாரம் மானுடவியல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மேற்கு மெக்சிகோவில் கொலிமா பக்கத்து ஆழ்குழிக் கல்லறைகளில் எடுத்த சுடுமண் நாய்கள் அங்கே இருக்கின்றன. ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்தியவை. தொந்தியும் தொடையுமாக, சிவந்து மினுங்கிக்கொண்டு நிற்கின்றன. செத்தவருக்குத் துணையாக வைத்தது. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற பாதிரியார் இங்குள்ள பெரியவர்களைக் கேட்டு ஒன்று எழுதிவைத்திருக்கிறார். இறந்தவர் கீழுலகத்தில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும், கடத்திவிட நாய் வேண்டும். வெள்ளை நாய், "இப்போதுதான் குளித்தேன்" என்று மறுத்துவிடுமாம். கறுப்பு நாய், "இப்போதுதான் உடம்பில் கறுப்புக் கறை பூசிக்கொண்டேன்" என்னுமாம். செவலை நிறத்தது மட்டும்தான் ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துமாம்.

படித்ததும் உன் வீட்டு வாசல்தான் கண்ணுக்குள் வந்தது.

எங்கே புதைத்தாய்? கிணற்றடி வேம்புக்குப் பக்கத்திலா? எழுது.

உன்,
மாணிக்கம்