பிரேசிலின் அமேசான் காட்டு நகரமான மனாவுஸைச் சுற்றிக் காட்டும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களே, வழிகாட்டிகளே,

வணக்கம். அமேசான் நாடக அரங்கை நீங்கள் காட்டும் விதத்தில் குறையொன்றும் இல்லை. 1896இல் திறந்த மண்டபம், பிரேசில் கொடியின் நிறங்களில் ஓடு பதித்த குவிமாடம், ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த பளிங்கு என்று நின்று நிதானமாக விளக்கினீர்கள். எல்லாம் ரப்பர் தந்த பணம் என்றீர்கள். 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை அள்ளிப்போனதைச் சொல்லிப் பெருமூச்சும் விட்டீர்கள்.

"இங்கே ரப்பர் பாலெடுக்க மரம் சீவியவர்கள் யார்?" என்று கேட்டேன். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். படகுக்கு நேரமாகிவிட்டதாம்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த விதைகளின் வழி வந்த மரங்கள்தாம் மலாயாவில் தோட்டங்களாயின. அவற்றைச் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். என் பாட்டி அங்கே பேராக் மாநிலத்தில், விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர். உங்கள் காட்டில் சீவியவரும் விடியுமுன்னே தலையில் விளக்கோடு கிளம்பியவர்தாம். ஆனால் பாலெடுத்து வந்தபின் அவருக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. புகையும் அடுப்பின்மேல் குனிந்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உருண்டையாக்க வேண்டும். கண் எரியும், நெஞ்சு அடைக்கும். உருண்டையை முதலாளியிடமே கொடுத்து, மாவும் உப்பும் அவர் கடையிலேயே, அவர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். காட்டுக்கு வந்த வழிச்செலவே அந்தக் கடன் கணக்கின் முதல் வரி. கடன் தீராமல் வெளியேற முடியாது, கடனோ தீராது.

1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் தட்டுப்பாடு. உங்கள் வறண்ட வடகிழக்கிலிருந்து 50,000க்கும் மேற்பட்டோரை 'ரப்பர் சிப்பாய்கள்' என்று பெயர் சூட்டி அமேசானுக்கு அனுப்பினார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை. அதே போரில்தான் மலாயாத் தோட்டத் தமிழரைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போட ஜப்பானியர் ஓட்டிச் சென்றார்கள். ரப்பர் சிப்பாய்களுக்கு உங்கள் நாட்டின் 1988 அரசியல் சாசனம் ஓய்வூதியம் தந்தது. சாசனம் மறக்காதவர்களை உங்கள் கையேடு எப்படி மறந்தது? அவர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ரியோ நெக்ரோ ஆற்றின் கறுப்பும் சொலிமோயஸ் ஆற்றின் பழுப்பும் கலக்காமல் ஓடும் இடத்தில் படகை நிறுத்தினீர்கள், அது சரி. மரத்தில் மெல்ல நகர்ந்து வாழும் ஸ்லாத் என்ற விலங்கின் குட்டியைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, மடி மாற்றி மடி வைத்துப் படமெடுக்கவும் நேரம் இருந்ததே! படத்தில் அது சிரிக்கிறது என்று மகிழ்கிறார்கள். அதன் முக அமைப்பே அப்படித்தான், ஐயா.

போகட்டும், கேட்க வந்தது வேறு. நகரிலிருந்து படகில் போகும் தொலைவிலேயே ரப்பர் காட்டு வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதையும் பயணத்தில் சேருங்கள். முடியாவிட்டால் அரங்கின் வாசலிலாவது, ஓடுகளைப் பற்றிச் சொல்லுமுன், மரம் சீவியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நேரம் போதாதென்றால் ஸ்லாத் நிறுத்தத்தை எடுத்துவிடலாம். யாரும் வருந்தப்போவதில்லை, ஸ்லாத் உட்பட.

பணிவுடன்,
மலேசியாவிலிருந்து வந்த ஒரு பயணி