மாமன் மடி

அக்கா,

போன வாரம் ஊருக்கு வந்திருந்தபோது பாப்பா காதுகுத்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தன்னை மடியில் வைத்திருப்பது யார் என்று கேட்டாள். சித்தப்பா மகனைச் சொன்னாய். "அப்ப இந்த மாமா எங்க?" என்று என்னைக் காட்டிக் கேட்டதற்கு, அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாய்: "அங்க மண்சரிவுடி. ரோடு அடைச்சிருச்சு. மாமா வரமுடியல."

உன்னிடம் நான் சொன்ன பொய்யை நாலு வருடமாக நீ எல்லாரிடமும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மண்சரிவெல்லாம் இல்லை அக்கா. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

நீ போன் செய்தபோது நான் இமாச்சல் மலையில், கேலாங் என்ற ஊரில் இருந்தேன். மணாலியில் சைக்கிளை மிதிக்கத் தொடங்கி, ரோதாங் கணவாய் ஏறி இறங்கி, அன்று மூன்றாம் நாள். ஆவணியில் என்று பேசிவைத்த காதுகுத்து, மச்சானுக்குக் குவைத்தில் லீவு மாறியதால் ஆடிக்கு வந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. விசேஷத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கேலாங்கிலிருந்து மணாலிக்கு பஸ் உண்டு. சுரங்கப்பாதை வழியாக வந்தால் அரை நாள்கூட ஆகாது. அப்புறம் ராத்திரி பஸ்ஸில் டெல்லி, அங்கிருந்து விமானத்தில் மதுரை. சைக்கிளைத் தங்கியிருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் மண்சரிவு என்றேன். லடாக்கில் இருக்கும் லே வரைக்கும் சைக்கிளிலேயே போய்விட வேண்டும் என்று ஆசை. வேறு காரணம் கிடையாது. அம்மா கணக்கில் தோட்டுக்குப் பணம் போட்டுவிட்டேன். தெற்காவணி மூல வீதியில் அம்மா வாங்கி வந்ததை மாமன் சீர் என்று தட்டில் வைத்தீர்கள்.

காதுகுத்தன்று காலை நான் சார்ச்சுவில் கண் விழித்தேன். இமாச்சல் முடிந்து லடாக் தொடங்கும் இடம். 4,290 மீட்டர் உயரம். ஆடி மாதத்தில் குளிரில் கூடாரத் துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அந்த உயரத்தில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 60 சதவீதம்தான் கிடைக்கும். ஷூ லேசைக் கட்டி நிமிர்ந்தாலே மூச்சு வாங்கும். தார்ச்சா தாண்டியதிலிருந்து போனில் சிக்னல் இல்லை. இருந்தும் அன்று அதை அணைக்க மனம் வரவில்லை. கோடு ஒன்றாவது வருகிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தே சார்ஜைத் தீர்த்தேன்.

முதல் இருபது சொச்சம் கிலோமீட்டர் ஆற்றோரமாகச் சுகமான ரோடு. அதன்பின் காட்டா லூப்ஸ். ஒரே மலைச்சரிவில் 21 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றின் தலையில் ஒன்று. சைக்கிளில் தொங்கும் பைகள் மட்டும் 18 கிலோ. இருக்கிற கியரிலேயே சின்னதைப் போட்டாலும் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஐம்பது மிதி மிதிப்பேன், நின்று ஹேண்டில்பாரில் நெற்றியைச் சாய்ப்பேன், மறுபடி ஐம்பது. ராணுவ லாரிகள் புகையை முகத்தில் அடித்துவிட்டுப் போகும். உள்ளே இருப்பவர்கள் கட்டைவிரலைக் காட்டிச் சிரிப்பார்கள்.

எட்டாவது வளைவில் மணி ஒன்பதரை. இந்நேரம் மொட்டை அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். பத்தாவதில், சந்தனம் பூசியிருப்பார்கள். அதற்கப்புறம் வளைவு எண்ணுவது விட்டுப்போயிற்று. மடியில் யாரை உட்கார வைத்திருப்பீர்கள் என்பதே மண்டைக்குள் ஓடியது.

அந்த வளைவுகளில் ஒன்றில் ஒரு சின்ன மாடம் இருக்கிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் தண்ணீர் பாட்டில்கள். பழுதாகி நின்ற லாரிக்குக் காவலாக ஒரு கிளீனர் பையனை விட்டுவிட்டு டிரைவர் உதவி தேடிப் போனாராம். பனி மூடிக்கொண்டதில் டிரைவரால் திரும்பி வர முடியவில்லையாம், பையன் அங்கேயே செத்துப்போனானாம். அப்புறம் போகிற வருகிற வண்டிகளிடம் தண்ணீர் கேட்கும் ஆவியாக நின்றதால் இந்தப் படையல் என்கிறார்கள். கதை நிஜமோ என்னவோ, பாட்டில்களுக்கு நடுவே சிகரெட்டும் வைத்திருந்தார்கள். நம் கருப்பனுக்குச் சுருட்டு வைப்போமே, அதேதான். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை, உனக்கே தெரியும். மணி பத்தேகால். நீங்கள் கருப்பன் கோயிலில் இருந்தீர்கள். கையில் ஒரே ஒரு பாட்டில்தான் மிச்சம். அதில் பாதியை அங்கே ஊற்றினேன். ஏன் என்று கேட்காதே.

உச்சியில், 4,739 மீட்டரில், நாக்கீ லா கணவாய். அங்கே ஏறி நிற்கையில் தலை வெடித்துவிடும்போல வலி. ஏதாவது பெருமையாக இருக்கும் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தது. ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த கணவாய்க்கு மறுபக்கம் இருக்கும் பாங் வரை போவதாகத் திட்டம். முடியவில்லை. நடுவில் இருக்கும் பள்ளத்துக்கு இறங்கி விஸ்கி நாலா என்ற இடத்தில் (பெயரைப் பார்த்து அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதே) கூடாரக் கடை ஒன்றில் சுருண்டேன். கோயில் வாசலில் கிடா விருந்து நடந்த நாளில் தாய்மாமன் மேகி தின்றான். அதுவும் பாதிதான் இறங்கியது.

நாலு நாள் கழித்து, லே பக்கம் வந்தபிறகுதான் சிக்னல் வந்தது. படங்கள் வரிசையாக விழுந்தன. மூன்றாவது படத்தில் பாப்பா வாயைப் பிளந்து அழுகிறாள்; சித்தப்பா மகன் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறான். நன்றாகத்தான் பிடித்திருந்தான். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

உனக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. சின்ன வயதிலிருந்து என் பொய் எதுவும் உன்னிடம் எடுபட்டதில்லை. தெரிந்தும் சொல்லிக்கொண்டிருந்தாயானால், இனி வேண்டாம். பாப்பா அடுத்த முறை கேட்டால், மாமா சைக்கிள் ஓட்டப் போயிருந்தான் என்று சொல். இல்லை, நீயே சொல் என்றால் நானே சொல்லிவிடுகிறேன். ஏழு வயதாகிறது, புரியும். கோபம் வந்தால் வரட்டும்.

அந்தத் தோட்டில் ஒன்றின் திருகாணி தொலைந்துவிட்டதாக அம்மா சொன்னாள். நீயாக வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகக் கடைக்குப் போவோம். பஸ்ஸில்தான் வருவேன்.

தம்பி