யாருக்குப் பொற்காலம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கொரோனா ஊரடங்கு நினைவுக் கட்டுரையில், "அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்ததால் குழந்தைகளுக்கு அது பொற்காலம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதியவர் வீட்டில் அப்படி இருந்திருக்கலாம், சந்தோஷம். குழந்தைகள் மனநலத்தில் வேலை பார்க்கும் யாரிடமாவது அச்சுக்குப் போகும் முன் காட்டியிருந்தால், சிவப்பு மையில் அடித்துக் கொடுத்திருப்பார்கள்.

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் ஒரு மாதம்போல வீட்டில் அடைபட்ட தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 22.6 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன என்று 2020 ஏப்ரலிலேயே ஆய்வு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது இளம் வயதினரில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள், ஐந்தில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகள். தங்களுக்குத் தெரியாத செய்தியா இது?

பெற்றோர் வீட்டில் இருந்தார்களா என்பதா கணக்கு? எந்த மனநிலையில் இருந்தார்கள் என்பதுதான். ஏற்கெனவே சண்டை ஓயாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிதான் மூச்சு விடும் இடம். ஊரடங்கில் அதுவும் போயிற்று. ஆன்லைன் வகுப்பு நடக்கிறது, அடுத்த அறையில் குரல் உயர்கிறது. பத்து வயதுப் பிள்ளை முதலில் மைக்கை அணைக்கும், பிறகு கேமராவை. டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. சண்டை ஓய்ந்த பிறகு, "வகுப்பில் ஏன் வாயே திறக்கவில்லை?" என்று அந்தப் பிள்ளைக்கே ஒரு சுற்றுத் திட்டு. பல நாடுகளில் அந்த மாதங்களில் குழந்தைக் கொடுமைப் புகார்கள் குறைந்தன. கொடுமை குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தழும்பைப் பார்த்துக் கேட்கும் ஆசிரியர் எதிரில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியோடு போனால் பரவாயில்லை. தங்கள் குழந்தைகள் பக்கத்தில் வருடக்கணக்காக எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: "பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்." எப்போது, எவ்வளவு நேரம், எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. இடமில்லை போலும், நட்சத்திரப் பேட்டிக்கு நான்கு பக்கம் தேவைப்படுகிறதே!

எழுத விஷயமா இல்லை? தினம் பத்து நிமிடம் ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளை சொல்லும் விளையாட்டை அது சொல்கிறபடியே விளையாட வேண்டும். திருத்தக் கூடாது, இடையில் வாய்ப்பாடு கேட்கக் கூடாது. "சேட்டை செய்தாய், இன்று விளையாட்டு கிடையாது" என்று அதையே தண்டனையாக்குகிறார்கள் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது. பிள்ளை அதிகம் படுத்திய நாளில்தான் அந்தப் பத்து நிமிடம் அதிகம் தேவை.

தூக்கமும் அப்படித்தான். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஆனால் பகல் பதினோரு மணிக்கு எழுந்த பிள்ளையை இரவு ஒன்பதுக்குப் படு என்று மிரட்டினால் தூக்கம் எங்கிருந்து வரும்? இருட்டில் விழித்துக் கிடந்து பயத்தைத்தான் பெருக்கும். எழும் நேரத்தை ஓரிரு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் இழுக்க வேண்டும். எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்கவிட வேண்டும். படுக்கும் நேரம் மெல்லத் தானாகப் பின்தொடரும்.

பெரியவர்கள் சண்டை போடாமல் இருக்க முடியாது, அதை யாரும் கேட்கவும் இல்லை. பிள்ளை முன்னால் சண்டை போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சமாதானமாகிறார்களே, அதுதான் பிரச்சினை. பிள்ளை பார்த்தது சண்டையை மட்டும்தான். சமாதானமும் அதன் கண்ணெதிரே நடக்கட்டும். "எங்களுக்குள் கோபம், உன்னால் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். நம்மால்தான் சண்டை என்று சின்னப் பிள்ளைகள் சட்டென்று எடுத்துக்கொள்வார்கள்.

தங்களிடம் மறுப்புச் செய்திகூடக் கேட்கவில்லை. அடுத்த இதழில் கால் பக்கம் போதும். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, காரணமில்லாத வயிற்றுவலி, பகலிரவு மாறிய தூக்கம், நண்பர்களை ஒதுக்குவது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, சாப்பாட்டையோ படிப்பையோ பாதித்தால் மனநல ஆலோசகரிடம் காட்ட வேண்டும். சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே போக வேண்டும், "சும்மா சொல்கிறது" என்று விடக் கூடாது. இவ்வளவுதான் அந்தக் கால் பக்கம். கூடவே குழந்தைகள் உதவி எண்ணையும் போடுங்கள், வழக்கம்போல் விளம்பரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் அல்லாமல்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்