திரையில் ஏறும் மலைகளும் ரம்பொடை வீதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் பயிற்சி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எந்தப் பயிற்சிக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு கலோரி கரையும் என்றெல்லாம் நல்ல விவரம் இருந்தது. ஆனால் அல்ப் துவேஸ், வாந்தூ, தூர்மலே, ஸ்டெல்வியோ என்ற பெயர்களை ஏதோ மெஷின் கம்பனி வைத்த பெயர்கள் போலப் பட்டியலில் போட்டுவிட்டுப் போய்விட்டார் எழுதியவர். நான்கும் நிஜமான மலைப்பாதைகள். இன்றைக்கும் ஆட்கள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிற பாதைகள். அவற்றைப் பற்றி நாலு வரி இருந்திருக்க வேண்டும் என்று நினைத்ததால் இந்தக் கடிதம்.

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தபால் கொண்டுபோனவன். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளி, இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தே காலம் போனது. ஓய்வுபெற்ற பிறகு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு பிசியோதெரபி அறையில் இந்த நிற்கிற சைக்கிளில் ஏற்றினார்கள். எதிரே ஒரு திரை. அதில் ஒரு கோடு மேலே போகும். கோடு நிமிர நிமிர மிதி இறுகும். உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது, அது சக்கரத்தை நெருங்கினால் மிதிப்பது கடினமாகும் என்று அங்கிருந்த தம்பி காட்டினார். மேலே ‘அல்ப் துவேஸ்’ என்று எழுதியிருந்தது. இது எங்கே இருக்கிற மலை என்று கேட்டேன். “மெஷினில் வருகிற பேர் ஐயா” என்றார். அன்றிரவே மகளைப் பிடித்துத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.

அல்ப் துவேஸ் பிரான்ஸின் அல்ப்ஸ் மலையில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 13.8 கிலோமீற்றர். சராசரிச் சரிவு எட்டு வீதம், அதாவது நூறு மீற்றர் முன்னால் போனால் எட்டு மீற்றர் மேலே போயிருப்பீர்கள். 21 கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து 21, 20, 19 என்று இறங்குமுகமாக இலக்கம் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் அங்கே வென்ற வீரரின் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். 1952இல் டூர் டி பிரான்ஸ் என்கிற பிரான்ஸ் சுற்றுச் சைக்கிள் போட்டி முதன்முதலாக அங்கே முடிந்தபோது வென்ற இத்தாலியர் கொப்பியின் பெயர் 21ஆம் வளைவில் இருக்கிறது.

வாந்தூ அதே நாட்டின் தெற்கில் தனியாக நிற்கிற மலை. உச்சியில் மரம் கிடையாது, வெள்ளைச் சுண்ணாம்புக் கல்தான். 1967 ஜூலை 13ஆம் திகதி, அதே போட்டியில், கடும் வெயிலில், உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் டொம் சிம்சன் என்ற ஆங்கிலேய வீரர் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார். வெயிலும் களைப்பும் ஊக்கமருந்தும் சேர்ந்து கொன்றன. அவருக்கு 29 வயது. விழுந்த இடத்தின் அருகே நினைவுக் கல் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலோ தொப்பியோ வைத்துவிட்டுப் போகிறார்களாம். அந்த மலையின் பெயரை வைத்து ஜிம்மில் மிதிக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

தூர்மலே பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன், சைக்கிளோடு வாழ்ந்தவன் என்பதால். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரனீஸ் மலைத்தொடரில் 2,115 மீற்றர் உயரத்தில் உள்ள கணவாய் அது. 1913இல் அதே பிரான்ஸ் சுற்றுப் போட்டியில், அதன் இறக்கத்தில் எஜேன் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் உடைந்துவிட்டது. அந்தக் காலத்து விதிப்படி, திருத்துவதானால் அவரவரே திருத்த வேண்டும், யாரும் உதவக் கூடாது. மனிதர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, அடிவாரக் கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்தார். கொல்லர் வாயால் சொல்லிக்கொடுக்க, இவரே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். போட்டி அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தியை ஊத ஒரு பையன் கைகொடுத்ததற்குத் தண்டனையாக நேரம் கூட்டினார்கள். மணிக்கணக்கில் பின்தங்கியும் போட்டியை விடாமல் முடித்து மொத்தத்தில் ஏழாம் இடம் பிடித்தார். அந்தப் பட்டறைச் சுவரில் இன்றைக்கும் பலகை இருக்கிறது. இரும்பின் சூட்டையும் நடந்த தூரத்தையும் அந்த ஊர் மறக்கவில்லை.

எல்லாப் பயிற்சிகளும் அந்தந்த மலையின் ஏற்றத்தைத் திரையில் கொண்டுவருவதில்லை. சிலவற்றில் மலை வெறும் பெயர்தான். அமெரிக்கப் பயிற்சி மென்பொருள் ஒன்றில் ‘லமார்க்’ என்று ஒன்று உண்டு. பத்து நிமிடம் அழுத்தி மிதித்துச் சற்று ஓய்வு, இப்படி நான்கு முறை. லமார்க் என்பது கலிபோர்னியாவில், பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்ட சிகரம். அதன் வடிவத்துக்கும் பயிற்சிக்கும் தொடர்பில்லை. எனக்கு அது திருப்தியில்லை. மலையின் பெயரைச் சொன்னால் மலையின் ஏற்றமும் காலில் தெரிய வேண்டும்.

சரி, இனி நம்முடைய பக்கம் வருகிறேன். அல்ப் துவேஸ் முடிகிற இடம் ஏறத்தாழ 1,850 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். வாந்தூவின் உச்சி 1,910 மீற்றர் அளவில். நம் பட்டிப்பொல புகையிரத நிலையம் அதைவிட இருபது மீற்றர்தான் தாழ்வு. இத்தாலியில் உள்ள ஸ்டெல்வியோ மட்டும் நமக்கு எட்டாது. 48 வளைவுகள் ஏறி 2,757 மீற்றருக்குப் போகிற தார் வீதி அது, நம் நாட்டின் மிக உயரமான பீதுருதாலகால உச்சியே 2,524 மீற்றர்தான். ஆனால் கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு வந்து பாருங்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். நிகர ஏற்றம் 1,300 மீற்றருக்கு மேல். அல்ப் துவேஸின் ஏற்றமோ 1,100 மீற்றர்தான். நம்முடையது அவ்வளவு செங்குத்து இல்லை, உண்மைதான். ஆனால் தூரம் 75 கிலோமீற்றருக்கு மேல்.

ரம்பொடைக்கு மேலே அந்த வளைவுகளில் பூ விற்கிற பையன்களைப் பயணித்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இறங்குகிற வண்டியிடம் ஒரு வளைவில் பூச்செண்டை நீட்டுவான். வாங்கவில்லை என்றால் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் பாய்ந்து இறங்கி அடுத்த வளைவில் உங்களுக்கு முன்னால் நிற்பான், அதற்கடுத்த வளைவிலும் நிற்பான். அப்புறம் அவ்வளவு தூரத்தையும் திரும்ப ஏறுவான். இந்த மலையின் சரிவை அவனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் நம் மூத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, பிறகு இந்த மலைகளில் ஏறினார்கள். தோட்டங்களுக்காகக் காடு வெட்டியதிலும் வீதி போட்டதிலும் ரயில் பாதை அமைத்ததிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது. வென்றவர்களின் பெயரை வளைவுக்கு வளைவு எழுதிவைத்த பாதையைப் பற்றி வாசித்தபோது எனக்கு அவர்களின் நினைப்புத்தான் வந்தது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பிரான்ஸில் மலையேற்ற வீதிகளில் கிலோமீற்றருக்கு ஒரு கல் இருக்கிறது. இந்த இடத்தின் உயரம், உச்சிக்கு இன்னும் எத்தனை கிலோமீற்றர், அடுத்த கிலோமீற்றரின் சராசரிச் சரிவு, எல்லாம் அதில் எழுதியிருக்கும். ரம்பொடை வீதிக்கும், ஹசலக்கைக்கு மேலே உள்ள ‘பதினெட்டு வளைவு’ என்கிற வீதிக்கும் அப்படிக் கற்கள் வேண்டும். உயரத்தோடு, அந்த வீதியில் உழைத்த மக்களைப் பற்றியும் மும்மொழியிலும் ஒரு வரி வேண்டும். வீதிகளுக்குப் பொறுப்பானவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

மற்றது இளைஞர்களுக்கு. பல பயிற்சி மென்பொருள்களில் நாமே பதிவுசெய்த பாதையை ஏற்றிக்கொள்ளலாம் என்று மகள் சொல்கிறாள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கும், ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்கும் சைக்கிளில் போகிற பிள்ளைகள் கைப்பேசியில் அந்த ஏற்றத்தைப் பதிவுசெய்து, ஜிம் நடத்துகிறவர்களிடம் கொடுங்கள். கொழும்பில் மிதிக்கிறவரின் திரையிலும் ரம்பொடை வரட்டும். தங்கள் பத்திரிகையும் வாரத்துக்கு ஒரு மலைப்பாதையின் படத்தை, உயரமும் சரிவும் குறித்து வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். முதலாவதாக ரம்பொடையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
தலவாக்கலை.