கால் மட்டும் நீண்டால் போதாது

மார்த்தாண்டம்

மக்களே,

நீ அனுப்பிய மேசை பிளானைப் பார்த்தேன். அந்த 30 அங்குலம், உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வைத்த உயரம். உனக்கு நின்று மாவு பிசையவும் காய் நறுக்கவும் 36 வேண்டும் என்கிறாய். மரத்தை அறுக்கும் முன் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள். வீட்டுக்குள் செருப்புப் போடுவாய் என்றால் செருப்போடு நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அள. அதில் 4 அங்குலம் கழி. முழங்கை 40-இல் வந்தால் 36 சரிதான்.

பிளானில் பலகை முக்கால் அங்குலம், கால் 29¼. நீ ஒரு அங்குலப் பலகை போடுவதால் கால் 35 போதும். பழைய அளவோடு ஆறைக் கூட்டி 35¼ என்று அறுத்துவிடாதே.

காலை மட்டும் நீட்டினால் மேசை ஆடும். பலகைக்கு அடியில் சுற்றி ஓடும் சட்டம் 3½ அங்குல அகலம். அதற்குக் கீழே தனியாக நிற்கும் கால் இப்போது 25¾. நீட்டினால் 31½ ஆகும். அசைவு நீளத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். அதாவது அதே 2 அங்குலக் கால் ஏறக்குறைய 1.8 மடங்கு அசையும். கனத்தை 2½ ஆக்கு. சதுரக் காலின் விறைப்பு கனத்தின் நான்மடிக் கணக்கில் கூடும் என்பதால் அந்த அரை அங்குலமே இழந்ததை மீட்டுத் தரும். சட்டத்தையும் 5 அங்குல அகலமாக எடு. உட்காரும் மேசையில் முழங்கால் இடிக்கும் என்று அகலச் சட்டத்துக்குப் பயப்பட வேண்டும். உனக்கு அந்தக் கவலை இல்லை.

காலின் கனம் மாறியதும் சட்டத்தின் நீளமும் மாறும். பலரும் பிசகுவது இங்கேதான். சட்டகத்தின் வெளி அளவு 44-க்கு 20. 2 அங்குலக் காலுக்கு நீளச் சட்டம் இரண்டு கால்களுக்கு நடுவே 40, இருபுறமும் ஒரு அங்குலக் கழுந்து (காலின் துளைக்குள் நுழையும் முனை), மொத்தம் 42. காலை 2½ ஆக்கினால் நடுவே 39 தான். ஆனால் மொத்த நீளம் அதே 42 இருக்கட்டும். கழுந்தை 1½ அங்குலமாக வெட்டு. கால் தடித்ததால் பக்கத்துச் சட்டத்தின் துளையில் முட்டாமல் அவ்வளவு உள்ளே போக இடம் இருக்கிறது. உயர்ந்த மேசையின் இழுப்பு முழுக்க அந்த மூலைகளில்தான் விழும், அதனால் நீளக் கழுந்து பெரிய பலம். குறுக்குச் சட்டம் நடுவே 15, கழுந்தோடு 18.

ஒரு அங்குலச் சட்டத்துக்குக் கழுந்து 3 நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) கனம், 4 அங்குல அகலம், மேலும் கீழும் அரை அங்குலம் விட்டு. துளையைக் காலின் மேல்முனையிலிருந்தே குறி. தரையிலிருந்து குறித்தால் பழைய பிளான் அளவு உள்ளே புகுந்து குழப்பும். அந்த மேல்முனைக்கு அப்பால் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டுத் துளையடி, இல்லாவிட்டால் உளி இறங்கும்போது முனை பிளக்கும். மிச்சத்தைப் பிறகு அறுத்துக்கொள்ளலாம்.

காலுக்கு 3 அங்குலச் சதுரத்தில் 37 அங்குல நீளம் நான்கு வாங்கு, முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் மேல் வரும். அயனி மரம் நன்றாய் நிற்கும். நடுக்குருத்து ஓடும் துண்டை எடுக்காதே, வெடிக்கும். மருந்து ஏற்றாத ரப்பர் மரம் வேண்டவே வேண்டாம், பூச்சி துளைக்கும்.

நீ ஏற்கெனவே அறுத்து வைத்த பழைய கால்களின் அடியில் துண்டு ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது மக்களே. வெட்டுமுனையோடு வெட்டுமுனையைப் பசை பிடிக்காது, ஸ்குரூவும் அங்கே தளரும். அந்தக் கால்களில் இரண்டை 18 அங்குலமாக அறுத்து, இருபுறமும் தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில் குறுக்குக் கட்டையாகப் போடு. அவை இரண்டையும் இணைக்கும் நீளக் கட்டையை நடுவில் வை. முன்பக்கம் வைத்தால் நிற்கும்போது கால் இடிக்கும். அதன் நீளத்தைக் கணக்குப் போட்டு அறுக்காதே. பசையில்லாமல் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்துவிட்டு அள.

பலகையைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டாதே. மார்கழி, தை மாத வறண்ட காற்று மரத்தை உலர்த்திவிடும். 24 அங்குல அகலம் சுருங்க வழியில்லாவிட்டால் பலகை நடுவில் பிளக்கும். ஸ்குரூத் துளைகளை அகலவாக்கில் நீள்வட்டமாக்கி, வாஷர் போட்டு முடுக்கு.

பசை போட்டுப் பூட்டியதும் மூலைக்கு மூலை அளந்து பார், இரண்டும் ஒன்றாக வரவேண்டும்.

கால்களை இழைத்து முடித்ததும் உண்மையில் என்ன கனம் வந்தது என்று எழுது. 2½-க்கு ஒரு நூல் குறைந்திருந்தாலும் சட்டத்தின் நடு அளவை மாற்றித் தருகிறேன். அதுவரை சட்டத்தில் ரம்பம் வைக்காதே.

அன்புடன்,
அப்பா