353 சென்டிமீட்டர் ஆழத்தில்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் இளங்கலை வரலாற்றில் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள் என்பதறிந்து மகிழ்ந்தேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர மற்றபடி நலமே. கீழடி பற்றிய ஒப்படைப்புக்கு அவள் எந்தச் சான்றுகளை நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள்; வகுப்பில் நான் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி அது.

சென்ற பருவத்தில், 'கீழடி 2600 ஆண்டுகள் பழமையானது' என்ற வரி பல மாணவர்களின் தாள்களில் ஒரு சொல்லும் மாறாமல் வந்திருந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்றால் ஓர் இணையத்தளத்தைக் காட்டுவார்கள். அந்தத் தளமோ இன்னொன்றைப் பார்த்து எழுதியிருக்கும். அந்த எண்ணின் வேர், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு அகழாய்வில் எடுத்த ஆறு கரிம மாதிரிகளைக் காலக்கணிப்புக்காக அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பியதில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்ததாக அது கூறுகிறது. அளக்கப்பட்டது அந்த ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி. அதைக்கொண்டு ஊரின் காலத்தையும், அங்கே பானை ஓடுகளில் கிடைத்த தமிழி எழுத்தின் காலத்தையும் சொல்வது ஆய்வாளர்கள் எடுத்த முடிவு. அம்முடிவை அவள் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அளவு எது, முடிவு எது என்று பிரித்துச் சொல்ல அறிக்கையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

செய்தித்தாளை ஒதுக்கச் சொல்லாதீர்கள். அறிக்கை வெளியானபோது யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அதுவே நல்ல சான்று, காலக்கணிப்புக்கு அன்று. விக்கிப்பீடியாவை நான் தடுப்பதில்லை, அதன் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து போகச் சொல்கிறேன். சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் உள்ள முனைவர் பட்ட ஆய்வேடுகளில் தரம் ஏறியிறங்கினாலும், அவற்றின் நூற்பட்டியல்கள் பெரிதும் உதவும். எனக்கு உண்மையில் கவலை தருபவை, பணம் பெற்றுக்கொண்டு மதிப்பீடே இல்லாமல் ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிடும் இதழ்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்துவந்த தன் கேர் பட்டியலை 2025இல் கைவிட்ட பிறகு, ஓர் இதழை எடைபோடும் பொறுப்பு முன்னைவிடவும் ஆசிரியர்கள் மீதும் பிள்ளைகள் மீதும் விழுந்திருக்கிறது.

அறிக்கையின் படி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். காலக்கணிப்பு அட்டவணையை முதலில் படித்து, மற்ற ஐந்து மாதிரிகள் என்ன சொல்கின்றன என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்